குழாயைப் பூட்டலாமா?



சில ஆண்டுகளுக்கு முன்னர் வன்னியிலுள்ள ஒரு கிராமத்தில் என்னிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. அதற்கு நான் அளித்த விடை தவறானது. அந்தத் தவறை இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

ஏறக்குறைய எண்பது குடும்பங்கள் வாழும் ஊர் அது. ஒரு குழாய்க்கிணறு, மின்சாரத்தால் இயங்கும் நீரிறைக்கும் மோட்டர், உயரத்தில் ஒரு நீர்த்தாங்கி, வீட்டுக்கு வீடு குழாயும் நீர்மானியும் உண்டு. இவற்றை ஊர்ச் சங்கமே நடத்தி வருகிறது. மாதந்தோறும் சேரும் பணத்தில்தான் மின்கட்டணம், குளோரின், மோட்டரைப் பார்க்கும் இளைஞனின் சிறு வேதனம் ஆகிய யாவும் நடைபெற வேண்டும்.

கணவனை இழந்த ஒரு தாய், மூன்று பிள்ளைகளுடன் வாழ்பவள், ஆறு மாதமாகப் பணம் கட்டவில்லை. சங்க விதிப்படி அவள் வீட்டுக் குழாயைப் பூட்ட வேண்டும். "சுவாமி, பூட்டுறதோ விடுறதோ? நீங்களே சொல்லுங்கோ" என்றார் தனாதிகாரி.

நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "தண்ணீரை மறுப்பது பாவம். விடுங்கோ" என்றேன். எவரும் மறுத்துப் பேசவில்லை. நானும் மனநிறைவோடு வீடு திரும்பினேன்.

அடுத்த மாதம் மேலும் நான்கு வீட்டார் கட்டவில்லை. பின்னர் அது பத்தாயிற்று. அவர்களுள் ஒருவர் சொந்தமாக உழவு இயந்திரம் வைத்திருப்பவர். கேட்டால், "சுவாமி சொன்னவர்தானே" என்பது மறுமொழி. ஒருநாள் மோட்டர் எரிந்தது. திருத்துவதற்குச் சங்கத்தின் கையில் பணமில்லை. ஐந்து வாரங்களாக நீர்த்தாங்கி வறண்டு கிடந்தது. வசதியுள்ளோர் உழவு இயந்திரத்தில் தண்ணீர் கொண்டுவந்தனர். அந்தத் தாயோ இடுப்பிலே குடத்துடன் தொலைவிலிருந்த கிணற்றுக்கு நடந்தாள். என் இரக்கத்திற்கு அவளே விலை கொடுத்தாள்.

நான் எங்கே தவறினேன்? நீர் வேறு, அந்த நீரை வீட்டு வாசலுக்குக் கொண்டுவரும் வேலை வேறு. மாரி மழையாய்ப் பெய்து நிலத்தடியில் ஊறும் நீருக்கு எந்த மனிதனும் உரிமை கொண்டாட முடியாது. ஆனால் அதை மேலே இறைத்து, நோய்க்கிருமியின்றிச் சுத்திகரித்து, வாசலில் சேர்ப்பது மனிதரின் உழைப்பு. அந்த உழைப்பை யாரோ ஒருவர் தாங்கியே ஆகவேண்டும்.

தூய குடிநீர் மனித உரிமை என்பதை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2010 ஜூலை 28-இல் ஏற்றுக்கொண்டது. பாப்பரசர் பிரான்சிசும் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடலில் இதனை அடிப்படை மனித உரிமையாகவே எடுத்துரைத்தார். ஐக்கிய நாடுகளின் குழுவொன்று 2002-இலேயே இவ்வுரிமைக்கு விளக்கம் தந்திருந்தது. கட்டணம் எல்லோராலும் தாங்கக்கூடியதாய் இருக்கவேண்டும். எவருக்கும் ஆகக் குறைந்த அளவு நீரை மறுக்கலாகாது என்பதே அதன் சாரம். எல்லோருக்கும் இலவசம் என்று அது கூறவில்லை.

உரிமை ஒன்று இருந்தால் அதற்கு ஈடான கடமை ஒருவர்மீது இருக்கும். சிறு கிராமத்தில் அக்கடமை அயலவரின் தோளில் விழுகிறது. அவர்களும் ஏழைகளே. ஆகவே, கட்ட வசதியிருந்தும் கட்டாதவர் அரசாங்கத்தை ஏமாற்றவில்லை. பக்கத்து வீட்டுக்காரியின் குடத்திலிருந்தே அள்ளுகிறார். அவ்வாறே, மற்றவர்கள் தாங்க வேண்டிய சுமையை அவர்களிடம் கேளாமலே நான் இரக்கமாக வழங்கிவிட்டேன். பிறர் பணத்தில் தருமம் செய்வது எவ்வளவு எளிது!

அப்படியானால் அந்தத் தாயின் குழாயைப் பூட்டியிருக்க வேண்டுமா? இல்லை. அவளுடைய பாதுகாப்பு என் வாய்ச்சொல்லில் அல்ல, ஊரின் விதியிலே இருந்திருக்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 லீற்றர் என்றால், நால்வருக்கு மாதம் 6,000 லீற்றர், அதாவது 6 அலகு. இந்த அளவுக்கு மிகக் குறைந்த கட்டணமும், அதற்கு மேல் தோட்டத்துக்கும் பிறவற்றுக்கும் ஓடும் நீருக்கு ஏறுமுகமான கட்டணமும் விதிக்கலாம். அந்தச் சிறு தொகையையும் கட்ட இயலாதவருக்குச் சங்கக் கூட்டம் முன்கூட்டியே விலக்களித்து எழுதி வைக்கலாம். அப்போது ஏழை தனாதிகாரியின் முன் கைகட்டி நிற்கவேண்டியதில்லை. வசதியிருந்தும் கட்டாதவரின் வீட்டுக் குழாயை எச்சரித்தபின் பூட்டலாம். ஆனால் நீர்த்தாங்கியடியில் உள்ள பொதுக்குழாய் அவருக்கும் திறந்தே இருக்கவேண்டும். தாகத்தைத் தண்டனையாக விதிக்க எமக்கு உரிமையில்லை.

இவற்றுக்கெல்லாம் அடித்தளம் கணக்குப் புத்தகம். வரவும் செலவும் கூட்டத்தில் வாசிக்கப்படாத ஊரிலே நேர்மையானவரும் கட்டத் தயங்குவார். மோட்டர் ஒருநாள் பழுதாகும் என்பது நிச்சயம். அதற்கென மாதந்தோறும் ஒரு பங்கை ஒதுக்காத சங்கம் அடுத்த வரட்சியைத் தானே தேடிக்கொள்கிறது.

அக்கிராமத்தார் பின்னர் இத்தகைய விதிகளை வகுத்தனர். அந்தத் தாய்க்கு விலக்களிக்க முன்வந்தபோது அவள் ஏற்கவில்லை. "அந்தச் சின்னக் காசை நானும் கட்டுறன் சுவாமி. அப்பதான் கூட்டத்திலை நானும் கதைக்கலாம்" என்றாள். நீதி என்ன என்பதை என்னைவிட அவள் நன்கு அறிந்திருந்தாள்.

நேயர்களே, உங்கள் ஊர்ச் சங்கக் கூட்டத்திற்கு நீங்கள் கடைசியாகப் போனது எப்போது?