நில்லாததைச் செய்யும் கைகள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் இடது கையில் இருக்கும் கிளி, நாள்தோறும் புதிதாகப் பிறக்கிறது. மரவள்ளி இலைகளை அடுக்கினால் உடல். மாதுளம்பூ அலகு. மூங்கில் குச்சி கால். நந்தியாவட்டை இலையில் இறக்கை, அரளி இதழ்களில் வால், கண்ணுக்குக் காக்காப்பொன். இத்தனையையும் குலையாமல் சேர்த்துப் பிடிப்பது வாழைநார். ஒரு கிளி முடிய நாலரை மணி நேரம் ஆகும் என்கிறார்கள். சாயங்காலப் பூஜையில் தாயார் கையில் ஏறும் கிளி, மறுநாள் யாரோ ஒரு பக்தர் வீட்டுக்குப் போய்விடுகிறது. அங்கே இலை சுருங்கி, பூ கறுக்கும்போது, இங்கே அடுத்த கிளிக்கு இலை தேர்ந்துகொண்டிருப்பார்கள்.

தங்கத்தில் ஒன்று செய்து கையில் வைத்துவிட்டால் வேலை மிச்சம். ஆனால் சுகப் பிரம்ம ரிஷியே ஆண்டாளுக்காகத் தூது போன கிளி என்று நம்பும் ஊரில், அந்தக் கிளிக்கு இன்றைய இலையின் ஈரம் வேண்டியிருக்கிறது. நாளைக்கு இருக்கப் போவதில்லை என்பதற்காக வாலில் ஓர் இதழைக்கூடக் குறைப்பதில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் மெல்ல அடங்குகிறது.

நிலையாமையைப் பற்றி நமக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லித் தந்திருக்கிறார்கள். உடம்பு நில்லாது, செல்வம் நில்லாது, இளமை நில்லாது. ஆகவே பற்றை விடு என்றார்கள். பெரியவர்கள் கண்டு சொன்ன உண்மை அது. ஆனால் அதைக் கேட்ட பலர், நில்லாத பொருளுக்கு எதற்கு இவ்வளவு மெனக்கெடல் என்று இன்னொரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். சமையலில் ருசி பார்ப்பது, புடவைக் கரையின் நிறப் பொருத்தத்தை ரசிப்பது, கைவேலையில் மணிக்கணக்காக ஆழ்வது, பக்கத்து ஊரைச் சும்மா சுற்றிப் பார்ப்பது எல்லாம் ஆன்மிகத்துக்கு வெளியே நிற்கும் சில்லறை ஆசைகளாகிவிட்டன. எங்கள் கரிசல் சீமையில் வாழ்ந்து பார்த்த பிறகு, அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

எங்கள் விருதுநகர் மாவட்டத்தின் பேர்பெற்ற பொருள்களை வரிசையாக எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் நில்லாதவையே. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்குப் பாலும் சர்க்கரையும் போதும். அகன்ற சட்டியில் பால் கொதித்துச் சுண்டச் சுண்ட, துடுப்பு ஓயாமல் சுற்றிவர வேண்டும். கை நின்றால் அடிப்பிடித்துவிடும். 2019இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் ருசி நாக்கில் நிற்பது சற்று நேரம்தான்.

சிவகாசிக் காலண்டரின் ஆயுள் ஒரு வருஷம். தாள் தாளாகக் கிழிபட்டு டிசம்பரோடு முடிந்துபோகும். ஆனால் அதன் மேலிருக்கும் படத்தைப் பாருங்கள். கோவில்பட்டியில் இருந்து வரைந்த கொண்டையராஜுவின் லட்சுமியும் முருகனும் மீனாட்சி கல்யாணமும் சிவகாசி அச்சகங்களின் வழியாகத்தான் தமிழ்நாட்டின் வீடுவீடாகப் போனார்கள். 1898இல் பிறந்து 1976இல் மறைந்த அவர், இளவயதில் திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் சில காலம் தங்கியிருந்தவர். பிறகு நாடகக் குழுவில் திரைச்சீலை எழுதினார். ராஜா திரை, வனத் திரை என்று ஒரு காட்சி முடிந்ததும் சுருட்டி மேலேற்றிவிடும் ஓவியங்கள். அதற்கும் பிறகுதான் காலண்டர். சுருட்டப்படும் திரைக்கும் கிழிக்கப்படும் தாளுக்கும் பழகிய தூரிகை, தேவியின் மூக்குத்தியில் ஒளியை அவ்வளவு பொறுமையாக வைத்தது. வருஷம் முடிந்த பிறகும் படத்தை மட்டும் வெட்டிக் கண்ணாடி போட்டுப் பூஜை அறையில் மாட்டிய குடும்பங்கள் எத்தனையோ.

அப்புறம் பட்டாசு. மழையை நம்பி ஏமாந்த பூமி இது. 1922இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுவந்தார்கள். விளைச்சலைக் கெடுத்த அதே வறட்சி, குச்சி நமுக்காமல் உலரவும் மருந்து காயவும் துணையானது. தீப்பெட்டியின் பின்னே பட்டாசு வந்தது. ஒரு தரைச்சக்கரத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். மருந்து அடைத்த மெல்லிய காகிதக் குழாயை நடுவிலிருந்து சுருள் சுருளாகச் சுற்றி, பிரிந்துவிடாமல் ஒட்டி, வெயிலில் காயவைத்திருப்பார்கள். ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் சந்து விழுந்தால் ஓட்டம் தடுமாறும். செய்தவர் விரலின் சீர்மை, பற்றவைத்த பின் ஒளி வட்டமாகத் தெரியும். சில நொடிகள். பிறகு வாசலில் ஒரு கறுப்பு வளையம்.

இந்த இடத்தில் அழகை மட்டும் பேசிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்து 40 பேர் அளவுக்கு இறந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் சாவுகள் நடந்தே வந்திருக்கின்றன. மருந்து அறையில் கவனம் என்பது தியானப் பயிற்சி மட்டுமில்லை, அது உயிர். ஆனால் தொழிலாளியின் கவனத்தின் தலையிலேயே முழுப் பாரத்தையும் சுமத்துவதும் தர்மம் ஆகாது. அறைக்கு இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான், வெளியேற வழி இப்படித்தான் என்று விதித்திருப்பதை முதலாளி காப்பதும் ஒரு வழிபாடு. தீபாவளிக்குத் திரி கிள்ளும்போது அந்த விரல்களை ஒரு கணம் நினைத்துக் கும்பிடுவது நம்மால் ஆகிற காரியம்.

ஆண்டாளிடம் திரும்புகிறேன். அவளைவிட ஆசையோடு உலகத்தைப் பார்த்தவர் யார்? பெரியாழ்வாரின் நந்தவனத்தில் வளர்ந்து, மாலை தொடுக்கும் கையைப் பார்த்துப் பழகியவள். பெருமாளுக்குக் கட்டிய மாலை அழகாக அமைந்திருக்கிறதா என்று தானே சூடிக் கிணற்றில் பார்த்தாள். இதை நாம் வெறும் கதையாகவே சொல்லிவிட்டுப் போகிறோம். அதற்குள் ஒரு கலைஞரின் அக்கறை இருக்கிறது: கொடுப்பது பொருத்தமாக இருக்க வேண்டுமே என்ற தவிப்பு. திருப்பாவையின் தொடக்கத்தில் நோன்புக்காக நெய்யையும் பாலையும் பூவையும் மையையும் விட்டவள், 27ஆம் பாசுரத்தில் அணிகலனும் புதுத்துணியும் பூண்டு, நெய் வழியும் பால்சோற்றை எல்லோரோடும் கூடி உண்ணுகிறாள். துறந்ததே, கூடி உண்பதற்காகத்தான் போலும். அந்தப் பாசுரத்தின் நாள்தான் மார்கழி 27, கூடாரவல்லி. அன்றைக்கு நம் வீடுகளில் அக்காரவடிசில்.

பக்கத்து ஊரின் மேலும் அவளுக்குத் தீராத பிரியம். மதுரைக்கு வடக்கே திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் படைப்பதாக நாச்சியார் திருமொழியில் நேர்ந்துகொள்கிறாள். அவள் காலத்தில் நிறைவேறவில்லை. பிற்காலத்தில் ராமானுஜர் அங்கே போய் அதைச் செலுத்திவிட்டு வில்லிபுத்தூருக்கு வந்தபோது, ஆண்டாள் ‘அண்ணா’ என்று அழைத்தாள் என்பது வைணவ மரபு. தங்கையின் சமையல் நேர்ச்சையை நிறைவேற்றியதால் ஓர் ஆசாரியருக்குக் கோயில் அண்ணன் என்ற உறவு கிடைத்தது. சித்திரையில் கள்ளழகர் வைகையில் இறங்கும் முன் வில்லிபுத்தூரிலிருந்து அவள் சூடிக் களைந்த மாலை இன்றைக்கும் மதுரைக்குப் போகிறது. புரட்டாசியில் திருப்பதிக்கும் போகிறது. வழியிலேயே வாடத் தொடங்கும் ஒரு பொருள்தான் அவ்வளவு தூரம் மரியாதையோடு பயணம் செய்கிறது.

இது பக்தியின் வழி, ஞான வழியில் இதற்கெல்லாம் இடம் ஏது என்று கேட்கலாம். அதற்கும் பதில் இந்த மாவட்டத்திலேயே பிறந்திருக்கிறது. அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் திருச்சுழி. 1879 டிசம்பர் 30ஆம் தேதி அங்கே பிறந்த வேங்கடராமன், தகப்பனார் காலமான பிறகு மதுரையில் சித்தப்பா வீட்டில் வளர்ந்தார். 1896 ஜூலையில் அந்த வீட்டு மாடி அறையில் மரணம் பற்றிய அச்சம் திடீரென்று வந்தபோது, படுத்து, மூச்சை அடக்கி, சாவது எது என்று உள்ளே பார்த்தார். சில வாரங்களில் திருவண்ணாமலை. ரமண மகரிஷி ஆனார்.

எல்லாம் நில்லாதது என்று அத்தனை தீர்க்கமாகக் கண்டவர், அதன் பிறகு என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். விடியுமுன் எழுந்து ஆசிரமச் சமையற்கட்டில் காய் நறுக்கினார். சட்னி அரைத்தார். தரையில் சிந்திய கடுகை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். கொட்டாங்கச்சியைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளக்கும் கிண்ணமாக்கினார். நோட்டுப் புத்தகம் தைத்தார். கிழிந்த துணியை முள்ளை ஊசியாக்கித் தைத்துக்கொண்டார். பலனை விரும்பாத செயல் என்றால் என்ன என்று ஒரு பேராசிரியர் அவரிடம் கேட்டபோது, உடனே பதில் சொல்லவில்லை. மலையேறிப் போனார்கள். வழியில் முள் அடர்ந்த ஒரு கொம்பை வெட்டி எடுத்தார். முள்ளைச் செதுக்கினார், கணுவைச் சீவினார், சொரசொரப்பான இலையால் நெடுநேரம் தேய்த்தார். பார்த்தவர்கள் வியக்கும்படி ஓர் அழகான கைத்தடி அமைந்தது. அந்நேரம் கம்பைத் தொலைத்துவிட்டுத் திகைத்து நின்ற ஆட்டுக்காரப் பையன் ஒருவன் எதிரே வந்தான். தடியை அவன் கையில் கொடுத்துவிட்டு நடந்தார். கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று பேராசிரியருக்குப் புரிந்தது.

அந்தத் தடியின் முள்ளை நீக்கிய கவனத்தைத்தான் நான் கிளியின் வாலிலும் காண்கிறேன். பொருளின் மேல் ஆசை இருந்தது, தேய்த்த ஒவ்வொரு தேய்ப்பிலும் இருந்தது. தன்னுடையது என்ற முடிச்சு மட்டும் விழவில்லை. ஆகவே, ஞாயிற்றுக்கிழமை மாவு பிசைவதிலோ, கூடை பின்னுவதிலோ, துணியில் பூ வேலை செய்வதிலோ உங்கள் மனம் கரைந்தால் அதற்காகக் கூச்சப்படாதீர்கள். யாருக்குக் கொடுக்கப் போகிறோம் என்று மட்டும் கைவேலைக்கு நடுவில் ஒரு தரம் நினைத்துக்கொள்ளுங்கள்.

விருதுநகர், சிவகாசி மக்களுக்கு ஊர் சுற்றல் என்றாலே மதுரைதான். ஜவுளிக்கும் நகைக்கும் போகிறவர்கள் மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்துக்கு அருகில் சொக்கப்ப நாயக்கன் தெருவுக்குள் ஒரு நடை போய்வரலாம். வேங்கடராமன் சாவைப் பார்த்த வீடு இன்று ரமண மந்திரம். அந்த அனுபவத்துக்குப் பிறகு அவர் மீனாட்சியின் முன்னும் அறுபத்துமூவர் வரிசையின் முன்னும் போய் நெடுநேரம் நின்றிருக்கிறார். அந்தச் சந்நிதிகளும் எட்டி நடக்கும் தூரம்தான். மந்திரத்தில் துணிப்பையைப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்ளலாம். பொழுது சாயுமுன் பஸ் ஏறினால், விருதுநகர்க் கடைகளில் எண்ணெய்ப் பரோட்டா பொரிந்துகொண்டிருக்கும் நேரத்துக்கு ஊர் வந்து சேரலாம்; வீட்டில் இருப்பவர்களுக்கும் கட்டி வாங்கிக்கொள்ளலாம்.