மறைவில் இருக்கும் கடன்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், கண்ணகி அம்மன் கோயில்கள் பல உண்டு. செட்டிபாளையம், மகிழடித்தீவு, ஆரையம்பதி, புதுக்குடியிருப்பு, வந்தாறுமூலை என்று ஊர்ப்பெயர்கள் நீளும். இவற்றில் பல கோயில்களின் கதவு வருடத்தில் ஒருமுறைதான் திறக்கும். வைகாசி பிறந்ததும் ஊர் பரபரக்கத் தொடங்கும். கதவு திறத்தல், கல்யாணக்கால் நடுதல், நெல்லுக் குற்றுதல், கண்ணகி வழக்குரை படித்தல் என்று சடங்குகள் நடந்து, குளிர்த்தியோடு நிறைவுறும். மதுரையை எரித்த சினத்தோடு வந்தவளைக் குளிரவைத்த பின் கதவைச் சாத்திவிடுவார்கள். அடுத்த வைகாசி வரை அவள் யார் கண்ணிலும் படமாட்டாள்.

மீதி மாதங்களில் அவளுக்குச் செய்ய வேண்டிய கடமை எங்கே இருக்கிறது?

இதே கேள்வியைத்தான் இன்று கைத்தொலைபேசியில் வேலைப் பட்டியல் வைத்திருப்பவர்களும் வேறு விதத்தில் எதிர்கொள்கிறார்கள். செய்யாத வேலைகள் எல்லாம் எப்போதும் கண்முன் நின்றால் இன்றைய வேலை ஓடாது. அதனால் ஆம்னிஃபோகஸ் போன்ற செயலிகளில், குறித்த தேதி வரும்வரை ஒரு வேலையைப் பட்டியலிலிருந்து மறைத்து வைக்க வழி இருக்கிறது. ஜிமெயிலில் 2018இல் வந்த ஸ்னூஸ் வசதி மின்னஞ்சலுக்கு அதையே செய்கிறது. இந்த எண்ணம் கணினிக்கு முந்தியது. டேவிட் ஆலன் 2001இல் எழுதிய வேலை நிர்வாக நூலில் 43 கோப்புறைகளை அடுக்கி வைக்கச் சொல்கிறார்: மாதத்தின் நாட்களுக்கு 31, வருடத்தின் மாதங்களுக்கு 12. ஒரு தாளை அதற்குரிய நாளின் உறைக்குள் போட்டுவிட்டால், அந்த நாள் வரும்வரை அதை நினைக்க வேண்டியதில்லை. தேதியே இல்லாத ஆசைகளுக்கு ‘என்றாவது ஒருநாள்’ என்று தனிப் பட்டியலும் அவர் வைத்தார்.

முடியாத வேலை மனதை அரிக்கும் என்பதை உளவியலாளர் புளூமா ஸைகார்னிக் 1927இல் ஆய்வாக வெளியிட்டார். பின்னால் வந்த சோதனைகளில் சில அவர் முடிவை உறுதிசெய்யவில்லை. ஆனால் 2011இல் மாசிகாம்போவும் பாமைஸ்டரும் கண்டது கவனத்துக்குரியது: வேலை முடிய வேண்டும் என்றில்லை, எப்போது எப்படிச் செய்வது என்று திட்டம் போட்டாலே அந்த அரிப்பு அடங்கிவிடுகிறது. மனம் கேட்பது முடிவை அல்ல, திரும்பி வரும் என்ற உறுதியை.

இங்கேதான் சமயத்தின் கேள்வி எழுகிறது. மனம் அடங்கிவிட்டது சரி, கடமை அடங்கிவிட்டதா? கண்ணுக்குத் தெரியாமல் வைத்த கடன் கடன்தானே?

சைவ சித்தாந்தம் இதற்குத் தரும் விடை ஆழமானது. இறைவனின் தொழில்கள் ஐந்து என்கிறது அது: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். மறைத்தலை ஒரு தனித் தொழிலாகவே வைத்தார்கள். உயிர் பக்குவப்படும் வரை உண்மையை அதன் கண்ணிலிருந்து மறைத்து, உலக அனுபவங்களில் ஈடுபடுத்தி, வினையைக் கழிக்கச் செய்யும் ஆற்றலுக்குத் திரோதான சத்தி என்று பெயர். உயிரைப் பிணிக்கும் அழுக்கான மலத்தோடு சேர்ந்து நின்று தொழிற்படுவதால் அதையும் ஒரு மலமாக உபசாரத்துக்குச் சொல்வதுண்டு. உண்மையில் அது அருளேதான் என்பது உமாபதி சிவம் போன்ற 14ஆம் நூற்றாண்டு ஆசாரியர்களின் நிலைப்பாடு. வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று மூன்றாகப் பிரித்ததும் இந்தக் கருணையோடு ஒட்டியதே. பல பிறவிகளில் சேர்ந்தது முழுவதும் ஒரே பிறவியில் வந்து விழுவதில்லை. இந்தப் பிறவிக்கு உரிய பங்கு மட்டும் வருகிறது, மீதி மறைவில் இருக்கிறது. எல்லாம் ஒரேயடியாகத் தெரிந்தால் எந்த உயிர் தாங்கும்?

ஆனால் சித்தாந்தம் மறைத்தலோடு நிறுத்தவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஐந்து தொழில்களில் மறைத்தலுக்கு அடுத்தது அருளல். பக்குவம் வந்ததும் திரை விலகியே ஆகவேண்டும். விலகாத திரைக்கு அந்தத் தத்துவத்தில் இடமில்லை.

வாவிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் இதே நியாயம் இன்னும் கறாரான சட்டமாக இருக்கிறது. நோயாளியும் பயணியும் ரமழான் நோன்பை விடலாம், வேறு நாட்களில் எண்ணி நிறைவேற்ற வேண்டும் என்கிறது குர்ஆன். மாதவிடாய்க் காலத்தில் விட்ட நோன்பையும் பெண்கள் அப்படியே பிற்பாடு பிடிக்கிறார்கள். இதைத்தான் களா நோன்பு என்கிறார்கள். நபிகளின் மனைவி ஆயிஷா, தாம் விட்ட நோன்புகளை அடுத்த ரமழானுக்கு முந்திய ஷஃபான் மாதத்தில்தான் தம்மால் பிடிக்க முடிந்தது என்று சொன்னதாக ஹதீஸ் நூல்களில் பதிவாகியிருக்கிறது. ஒத்திவைப்பதில் குற்றமில்லை, எல்லை மட்டும் உண்டு. இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாஃபி மத்ஹப் என்ற சட்ட மரபின்படி, தக்க காரணமில்லாமல் அடுத்த ரமழானையும் தாண்டவிட்டவர் நோன்பைப் பிடிப்பதோடு, நாளொன்றுக்கு ஒரு ஏழையின் உணவும் பித்யா என்ற ஈடாகக் கொடுக்க வேண்டும். கடன் மறைந்திருந்த காலத்துக்கும் கணக்கு உண்டு.

கண்ணகி சடங்கு, களா நோன்பு ஆகிய இந்த இரண்டு வழக்கங்களிலும் ஒரு பொது அம்சம் தெரிகிறது. மறைத்த கடமையை மீட்டெடுக்கும் பொறுப்பு ஒருவருடைய மனநிலையின் கையில் இல்லை. வைகாசியும் ரமழானும் யாரையும் கேட்டு வருவதில்லை. அம்மன் கோயிலில் பூசை செய்யும் கட்டாடியார் கதவைத் திறக்கும்போது, பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோது நேர்த்தி வைத்தவள் மடிப்பிச்சை எடுக்கப் புறப்பட்டாளா என்று பக்கத்து வீட்டுக்காரிக்கும் தெரியும். அவள் மறந்தாலும் ஊர் மறக்காது. செயலியில் அப்படியில்லை. இன்று வேண்டாம் என்று விரலால் தள்ளினால் நாளைக்குப் போகும், நாளையும் தள்ளலாம். ‘என்றாவது’ பட்டியலுக்குள் போட்டதைத் திறந்து பார்க்கச் சொல்ல ஆளே இல்லை. வாரம் ஒருமுறை பட்டியல் முழுவதையும் பார்த்தே ஆகவேண்டும் என்று ஆலன் வற்புறுத்தியது இதற்காகத்தான். அந்த வாரப் பார்வை இல்லாவிட்டால் மறைத்தல் கைவிடுதலாகிவிடும்.

அப்படிக் கைவிடுவதன் கொடுமையான வடிவத்தையும் இந்த மண் கண்டிருக்கிறது. 1990 செப்டம்பர் 5ஆம் நாள், வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இருந்த அகதி முகாமிலிருந்து 158 பேரை இராணுவம் கொண்டுபோனது. அவர்கள் திரும்பவில்லை. அந்தப் பத்தாண்டில் பிள்ளைகளைத் தேடிய மட்டக்களப்புத் தாய்மார், தெய்வம் ஏறி வாக்குச் சொல்பவர்களிடம் போய்க் கேட்டதை மானிடவியலாளர் பட்ரிசியா லோரன்ஸ் அங்கே தங்கி ஆராய்ந்து எழுதினார். ஆடி அமாவாசையன்று அமிர்தகழி மாமாங்கத் தீர்த்தத்தில் தந்தைக்குப் பிதிர்க்கடன் செலுத்தப் பெருங்கூட்டம் கூடுகிறது. இறந்த திதி தெரியாதவர்களுக்கும் அமாவாசை இடம் தருகிறது. ஆனால் இறந்தாரா இருக்கிறாரா என்றே தெரியாதவருக்கு எந்தக் கடனைச் செய்வது? செய்தால் அவரைத் தாங்களே கொன்றதுபோல் ஆகும், செய்யாவிட்டால் கடன் நிற்கும்.

2016இல் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்குச் சட்டம் வந்தது. மரணச் சான்றிதழ் வேண்டாதவர்களுக்கு, ஆள் காணக்கிடைக்கவில்லை என்று சான்றளிக்கும் பத்திரம் தரவும் அதே வருடம் வழிசெய்தார்கள். பத்திரம் குடும்பத்துக்குச் சில காரியங்களில் உதவும். ஆனால் 1990இல் திறந்த கோப்பு எந்தத் தேதியில் மீண்டும் மேசைக்கு வரும் என்பதை அது சொல்லாது. வீதியில் படங்களோடு நிற்கும் தாய்மார் ஒவ்வொருவராக இறந்துகொண்டிருக்கிறார்கள். இது எந்தச் சமயமும் ஏற்கும் மறைத்தல் அல்ல. ஒவ்வொரு முறைப்பாட்டையும் அடுத்து விசாரிக்கப்போகும் நாளை அந்த அலுவலகம் உரிய குடும்பத்துக்கு எழுத்தில் கொடுக்கவேண்டும். அந்த நாளில் கோப்பைத் திறந்து, என்ன நடந்தது என்று அவர்கள் முகம் பார்த்துச் சொல்லவேண்டும்.