அஞ்சடி யாருடையது

ஓர் ஊரின் நடுவீதியை மேம்படுத்தப் போகிறார்கள் என்ற பேச்சு எழுந்ததும் நம் மனத்தில் முதலில் விரிவது ஒரு படம்: புதிய விளக்குக் கம்பங்கள், வரிசையாகப் பூச்சட்டிகள், கடைச் சுவர்களுக்கு ஒரே நிறத்தில் சாயம், ஊரின் பெயரை ஆளுயர எழுத்துகளில் நட்டுவைத்த ஒரு திடல். அந்தப் படத்தில் மனிதர்களும் இருப்பார்கள். அவர்கள் எந்த வழியாக அங்கே நடந்து வந்து சேர்ந்தார்கள் என்பது மட்டும் தெரியாது. மலேசியாவின் சித்தியவான் போன்ற ஊரில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். பேருந்திலிருந்து இறங்கும் ஒரு மூதாட்டி மருந்துக் கடைக்கும், வங்கிக்கும், அங்கிருந்து சந்தைக்கும் வெயிலில் வாடாமல், வண்டிக்கு ஒதுங்கிக் கால்வாயில் கால் வைக்காமல் போய்ச் சேர முடிகிறதா என்பதை எந்தப் படமும் காட்டுவதில்லை.

சித்தியவானை, 1903இல் மெதடிஸ்ட் திருச்சபை அழைத்துவந்து குடியமர்த்திய பூச்சாவ் சீனக் குடும்பங்களின் ஊராகத்தான் வரலாறு முதலில் எழுதுகிறது. அவர்கள் நெல் விளைவிக்க வேண்டும் என்று ஆங்கில ஆட்சி விரும்பியது; அவர்கள் ரப்பர் பக்கம் திரும்பினார்கள். சுற்றிலும் தோட்டங்கள் இருந்தன. அவற்றின் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் நம் பாட்டன்மார் வாழ்ந்தார்கள். அவர்களுக்கு இந்த ஊர் என்பது சம்பளம் போட்ட பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை. மளிகைப் பற்றைத் தீர்ப்பது, பிள்ளைகளுக்குத் துணி எடுப்பது, அடகு வைத்ததை மீட்பது அல்லது மீண்டும் வைப்பது என்று எல்லாமே கடைவரிசையின் முன்னால் ஓடும் அந்தக் கூரையிட்ட நடைவழியில், நாம் அஞ்சடி என்று சொல்லும் அந்த நிழலில் நடந்தது. வாங்கக் காசு இல்லாதவரும் அங்கே நிற்கலாம். மழை விடும்வரை நின்றவரை யாரும் எதற்கு என்று கேட்டதில்லை.

இந்த அஞ்சடிக்கு ஒரு நீண்ட வழக்கு வரலாறு உண்டு. 1822இல் ராபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த நகரத் திட்டத்தில், வீடுகளின் முன்னால் தொடர்ச்சியாக, எந்நேரமும் திறந்திருக்கும் நடைகூடம் விட வேண்டும் என்று விதி வைத்தார். விதி தீபகற்பத்து ஊர்களுக்கும் பரவியது. கூடவே அதை மீறும் பழக்கமும் பரவியது. 1888இல் சிங்கப்பூர் நகராட்சி நடைகூடங்களை மறித்திருந்த தடைகளை அகற்றப் புறப்பட்டபோது கடைகள் அடைக்கப்பட்டன, கலவரமே மூண்டது. அதில் கடைக்காரர் பக்கம் நியாயமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பெரும்பாலும் நிலம் அவருடையது, அதில் நடந்துபோகும் உரிமை ஊராருடையது. இந்த இரட்டை உரிமை ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தால் மட்டுமே நிற்கக்கூடியது. நம் நாட்டில் 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் அஞ்சடியை மறிப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. சட்டம் தெளிவாகவே இருக்கிறது. அதன் மேல் அரிசி மூட்டை அடுக்கியிருக்கிறது, அவ்வளவுதான். போதாததற்கு ஒரு கடை தன் வாசலை அரையடி உயர்த்திப் பளபளப்பான ஓடு பதிக்கும், அடுத்த கடை படி வைக்கும், அதற்கடுத்தது மோட்டார் சைக்கிள் நிறுத்தும். ஒவ்வொருவரும் தன் வாசலை மேம்படுத்தியபடியே வந்ததில் வீதி ஏறி இறங்க முடியாததாகிவிட்டது. மாற்றுத்திறனாளிகளுக்குப் பொது இடங்களில் அணுகும் உரிமையைச் சொல்லும் 2008ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. சக்கர நாற்காலியில் இருப்பவர் முதல் படியிலேயே திரும்பிவிடுவதால், அது மீறப்படுவதைப் பார்க்கக்கூட அவர் வருவதில்லை.

எல்லாப் பழியையும் கடைக்காரர் மீதோ நகராண்மைக் கழகத்தின் மீதோ போட்டுவிட முடிந்தால் நிம்மதியாகத்தான் இருக்கும். ஆனால் நாமும் மாறினோம். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கும் துண்டாடல் வந்தது, பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை வந்தது, லயங்கள் காலியாகி நாம் தாமான் எனும் வீடமைப்புப் பகுதிகளுக்கு வந்தோம். இருட்டோடு எழுந்து, பெயர் கூப்பிடும் பிரட்டுக்கும் பால்மர வெட்டுக்கும் கோயிலுக்கும் நடந்தே வாழ்ந்த ஒரு சமூகத்துக்கு, நடக்கத் தேவையில்லாமல் போவதுதான் முன்னேற்றத்தின் முதல் அடையாளமாகத் தோன்றியிருக்க வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முதல் மோட்டார் சைக்கிளும், பிறகு தவணையில் வாங்கிய காரும் அந்த வீடுகளில் எத்தனை பெரிய நிகழ்வு என்பதை அனுபவித்தவர் அறிவர். ஆனால் நடப்பது ஏழ்மையின் வேலை என்று நாமே முடிவு செய்த பிறகு, நடைபாதைக்காகப் பேச ஊரில் ஆள் இல்லாமல் போயிற்று. அரசு அலுவலகங்களும் 1980களில் எழுந்த ஸ்ரீ மஞ்சோங் புதுநகரின் பக்கம் நகர்ந்தன. இன்று இந்த வட்டாரத்தில் தடங்கலின்றி, சமதளத்தில், குளிர்ச்சியாக நடக்க விரும்புகிறவர் பேரங்காடிக்குள் போகலாம். அங்கே போய்ச் சேருவதற்குத்தான் கார் வேண்டும்.

நடப்போருக்கு வீதியைத் திருப்பிக் கொடுத்துப் பார்த்தவர்கள் வெளியே இல்லாமல் இல்லை. சென்னையின் பாண்டி பஜாரில் 2013இல் நடைபாதை வியாபாரிகளை அடுக்குக் கட்டடத்துக்கு மாற்றினார்கள்; 2019இல் அந்த பஜார் அமைந்த தியாகராய சாலையின் நடைபாதைகளை அகலப்படுத்தி, உட்கார இருக்கைகளும் வைத்து நடப்போருக்கான வளாகமாகத் திறந்தார்கள். குறைகள் இருக்கட்டும், ஒரு பெருநகரத்தின் நெரிசலான வணிக வீதியிலேயே வண்டிக்கு ஒதுக்கிய இடத்தைக் கொஞ்சம் திரும்ப வாங்க முடியும் என்றால், சித்தியவானின் கடைவீதி அதைவிடக் கடினமான காரியம் அல்ல. இதற்கு மாறாக, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் 2010இல் லிட்டில் இந்தியாவாக அலங்கரிக்கப்பட்டது. பின்னர் இந்திய அரசின் அன்பளிப்பாகச் சாஞ்சி தோரண வாயிலின் சாயலில் ஒரு வாயிலும் அங்கே எழுந்தது. 2015இல் இரு நாட்டுப் பிரதமர்களும் வந்து அதைத் திறந்துவைத்தார்கள். நமக்கு எளிதாகக் கிடைப்பது வளைவுகள்தாம். வளைவுக்குத் திறப்பு விழா வைக்கலாம், பெயர்ப் பலகை பதிக்கலாம். கால்வாய்க்கு மூடி போட்டதற்கு யார் நாடா வெட்டுவார்கள்?

யாரிடம் கேட்பது என்பதும் ஒரு சிக்கல். மலேசியாவில் உள்ளாட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்திவைக்கப்பட்டன. உள்ளாட்சிகளை ஆராய அமைந்த அரச ஆணையத்துக்குத் தலைமை ஏற்றவர் நம்மவரான செனட்டர் ஆதி. நாகப்பன். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று அந்த ஆணையம் பரிந்துரைத்தது. 1976ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் வேறு வழியில் போயிற்று. அன்றுமுதல் மன்ற உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. அவர்களில் உழைப்பவர்கள் உண்டு, நல்லவர்கள் உண்டு. ஆனால் பதவிக்காக நம் வாசலுக்கு வந்து கேட்க வேண்டிய நிலையில் அவர்களை யாரும் வைக்கவில்லை. நாமும் உடைந்த கால்வாய் மூடிக்குச் சட்டமன்ற உறுப்பினரைத் தேடிப் போகிறோம், அவர் ஒரு தொலைபேசி அழைப்பில் முடித்துக் கொடுத்தால் நன்றி சொல்கிறோம். உரிமையாகக் கிடைக்க வேண்டியது உபகாரமாக வந்து சேருகிறது. அடுத்த தெருவின் மூடி அப்படியே கிடக்கிறது.

தேர் வரும் நாளில் ஊர் வேறாகிவிடுவதையும் நாம் பார்க்கிறோம். வண்டிகளைத் தடுக்கிறார்கள், தண்ணீர்ப் பந்தல் போடுகிறார்கள், கைப்பிள்ளைகளோடும் கிழவர்களோடும் குடும்பங்கள் நடுச்சாலையில் நடக்கின்றன, கடைக்காரர்களே நாற்காலி எடுத்துப் போடுகிறார்கள். மறுநாள் அதே சாலையைக் கடக்க அதே கிழவர் கையை உயர்த்திக் கெஞ்ச வேண்டியிருக்கிறது. ஒருநாள் முடிந்தது மறுநாள் ஏன் முடியவில்லை என்று நாம் கேட்டுக்கொள்வதில்லை. சாமிக்குச் செய்வதை மனிதருக்கும் செய்ய வேண்டுமா என்ன?

கடைவீதியின் ஒரு பக்கம் வண்டி நிறுத்துமிடத்தை எடுத்துவிட்டு, நிழல்மரமும் சமதள நடைபாதையும் போடப்போகிறோம் என்று நகராண்மைக் கழகம் நாளைக்கே அறிவித்தால் கடைக்காரர்கள் வியாபாரம் போகும் என்பார்கள். நாமும் அவர்களோடு சேர்ந்து மனுவில் கையெழுத்துப் போடுவோம்: அம்மாவைக் கடை வாசலிலேயே இறக்கிவிட முடியாமல் போய்விடுமே என்று. பொய்யான கவலை இல்லை அது. ஆனால் அம்மா தாமாகப் பேருந்தில் வந்து, நான்கு பேரைப் பார்த்துப் பேசிவிட்டு, வேண்டியதை வாங்கிக்கொண்டு திரும்ப ஆசைப்படுகிறாரா என்று அவரிடம் நாம் கேட்டிருக்க மாட்டோம். அவருக்கும் சேர்த்து நாமே தீர்மானித்துவிட்டு, அவருடைய வீட்டு வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருப்போம்.