பாட்டின் கடன்

மட்டக்களப்பு வாவிக் கரையில், கல்லடிப் பாலத்துக்கு அண்மையில், மாலை வேளைகளில் கூடும் மாணவர் சிலரோடு அளவளாவுவது எமது வழக்கம். அண்மையில் ஒரு நாள் அவர்களிடையே சூடான வாதமொன்று மூண்டது. நாம் சற்றும் எதிர்பாராத பொருளைப் பற்றியது அது. ஐக்கிய அமெரிக்காவின் வடமேற்குக் கோடியில், சியாற்றில் நகரைச் சூழ்ந்து 1980களின் இறுதியில் எழுந்த ‘கிறஞ்’ என்னும் றொக் இசையையும், அதன் அடியொற்றி 1990களின் நடுவிலிருந்து பெருகிய இசையையும் அவர்கள் எடைபோட்டுக் கொண்டிருந்தனர். முன்னது அசல், பின்னது போலி என்றார் ஒருவர். நீர் போலியென்று தள்ளும் பாட்டுக்கள்தாம் என்னை ஒரு கெட்ட காலத்தில் தாங்கிப் பிடித்தவை என்றார் இன்னொருவர். மூன்றாமவர் நமது கருத்துலகைச் சேர்ந்தவர்; இரண்டும் சந்தைச் சரக்கே, சரக்கில் அசலென்ன, போலியென்ன என்று கூறி வழக்கை முடித்துவிடப் பார்த்தார்.

மேனாட்டு இரைச்சலைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு என்ன வழக்கு என்று முகஞ்சுளிப்போர் இருக்கலாம். நாமும் முதலில் அப்படித்தான் எண்ணினோம். ஆயின் வீடு திரும்பிய பின்னரும் அந்த வாதம் எம்மை விட்டு அகலவில்லை. பிறர் உண்டாக்கியதை எடுத்துப் பாடுபவன் அப்பிறருக்கு எதைக் கொடுக்கக் கடமைப்பட்டவன் என்ற பழைய கேள்வி அதனுள்ளே ஒளிந்திருந்தது. அக்கேள்வி நம் வீட்டு வாசலிலும் நிற்கிறது. அதைப் பின்னர் சொல்வோம்.

கிறஞ் என்னும் சொல்லுக்கு அழுக்கு, பிசுக்கு என்று பொருள் கொள்ளலாம். அதன் பெயர்பெற்ற குழுவான நிர்வாணாவின் பாடகர் கேட் கோபேன் அபர்டீன் என்ற சிற்றூரில் பிறந்தவர். மரம் வெட்டும் தொழிலால் வாழ்ந்து, அத்தொழில் நலிந்தபோது தானும் நலிந்த ஊர் அது. தந்தை வாகனம் திருத்துபவர். தாய் உணவுச்சாலைப் பணிப்பெண். மகனும் சில காலம் கட்டடங்களைக் கூட்டித் துடைத்துப் பிழைத்தார். அத்தகையோரின் சலிப்பும் சினமும் உரத்த கிதார் ஒலியாக வெளிப்பட்டன. 1991 செப்டெம்பரில் வெளிவந்த ‘நெவர்மைண்ட்’ என்னும் தொகுப்பு, 1992 ஜனவரியில் மைக்கல் ஜக்சனின் இசைத்தட்டைப் பின்தள்ளி அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. அதன் பின் நடந்தவற்றுக்கு விளக்கம் வேண்டியதில்லை. வேலையற்ற இளைஞர் குளிருக்கு அணிந்த கட்டம் போட்ட பழஞ்சட்டை அவ்வாண்டே நியூயோர்க் ஆடையலங்கார மேடையில் ஏறியது. இவ்விளைஞருடைய குழூஉக்குறிகள் யாவை என்று ‘நியூயோர்க் டைம்ஸ்’ பத்திரிகை விசாரித்தது. இசைத்தட்டு நிறுவன ஊழியரான மேகன் ஜாஸ்பர் என்னும் பெண் அந்த நிமிடத்தில் வாயில் வந்த சொற்களையெல்லாம் இட்டுக்கட்டிச் சொன்னார். 1992 நவம்பரில் பத்திரிகை அவற்றை அப்படியே அச்சிட்டது! கந்தலுக்கு அகராதி எழுத வருவோர்க்கு இதனினும் தக்க மறுமொழி உண்டோ, நாமறியோம்.

1994 ஏப்ரிலில் கோபேன் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவ்வாண்டிலேயே இலண்டனின் புஷ் குழு தன் முதல் தொகுப்பை வெளியிட்டது. பின்னர் புளோரிடாவின் கிறீட், கனடாவின் நிக்கல்பக் முதலிய குழுக்கள் தோன்றின. அதே கிதார் உறுமல், அதே அடித்தொண்டைக் குரல். ஆனால் பிசிறுகள் சீவப்பட்டு, வானொலிக்கு இசைவாக்கப்பட்டிருந்தன. விமர்சகர்கள் ஏளனம் செய்தனர். மக்கள் இலட்சக்கணக்கில் வாங்கினர்.

அசல், போலி என்று பிரிக்கும் மாணவர் காலத்தை அளவுகோலாக்குகிறார். முன் வந்தவன் அசல், பின் வந்தவன் போலி. இவ்வளவுகோல் கையிலெடுத்த உடனே முறிகிறது. தமது மிகப் புகழ்பெற்ற பாட்டை ஆக்கியபோது, பிக்ஸிஸ் என்னும் பொஸ்டன் குழுவைப் போலப் பாட்டெழுதவே தாம் முயன்றதாக, 1994 ஜனவரியில் வெளிவந்த செவ்வியொன்றில் கோபேன் தாமே கூறினார். நிர்வாணாவின் இறுதித் தொகுப்பை 1993இல் ஒலிப்பதிவு செய்த ஸ்டீவ் அல்பினியே, புஷ் குழுவின் இரண்டாம் தொகுப்பையும் 1996இல் ஒலிப்பதிவு செய்தார். எங்கே கோடு கிழிப்பது?

உள்ளத்து உண்மையே அளவுகோல் என்பாரும் உளர். பிறர் உள்ளத்தை நாம் அளக்க முடியாது; கேட்பவர் உள்ளத்தையோ மறுக்க முடியாது. கெட்ட காலத்தில் தமக்குத் துணைநின்ற பாட்டைப் பற்றிப் பேசிய மாணவர் பொய் சொல்லவில்லை. சந்தை என்ற ஒரே சொல்லால் யாவற்றையும் விளக்கிய மூன்றாமவரோ பாதி உண்மையைச் சொன்னார். சந்தை எல்லாவற்றையும் சரக்காக்குகிறது என்பது மெய். அச்சரக்கைச் செய்த கைகள் எவை, அவற்றுக்கு என்ன கிடைத்தது என்று கேட்பதே நமது கொள்கையின் தொடக்கம். அவர் அக்கேள்விக்கு முன்னரே நின்றுவிட்டார்.

இக்கேள்வியோடு நோக்கினால் கோபேனின் வேறொரு செயல் கண்ணிற் படுகிறது. 1993 நவம்பரில் நியூயோர்க்கில் ஒளிப்பதிவான கச்சேரியின் இறுதியில், லெட்பெலி பாடிப் பரப்பிய நாட்டார் பாட்டொன்றை அவர் பாடினார். பாடுமுன் லெட்பெலியின் பெயரைச் சொன்னார். லெட்பெலி லூசியானாவிற் பிறந்த கறுப்பினத்தவர், சிறையிற் கிடந்தவர், 1949 டிசெம்பரில் வறியவராய் இறந்தார். மறு ஆண்டிலேயே, அவரால் பரவிய இன்னொரு பாட்டை ‘வீவர்ஸ்’ குழுவினர் வயலின் கூட்டத்தோடு மெருகிட்டுப் பாட, அது வாரக்கணக்காக அமெரிக்காவெங்கும் முதலிடத்தில் நின்றது. வீவர்ஸ் யார்? பீற் சீகர் முதலான இடதுசாரிகள். மக்கார்த்தி காலத்தில் கறுப்புப் பட்டியலில் இடப்பட்டு வதைபட்டவர்கள். தம் நண்பரின் பாட்டை அன்போடுதான் பாடினர். ஆயினும், தாம் கொண்டாடும் மக்களின் கலை, அம்மக்களைக் கடந்து தம்மிடம் வந்து புகழ் பெறுவதை அவர்களாலும் தடுக்க முடியவில்லை. முதலாளியைக் குற்றஞ்சாட்டி முடித்துவிடும் வழக்கன்று இது.

இனி நம் வாசலுக்கு வருவோம்.

மட்டக்களப்பில் போர்த்துக்கேயர் 1628இல் கோட்டை கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். ஆட்சி போயிற்று, அதன் வழித்தோன்றல்களான பறங்கியர் இங்கேயே தங்கினர். தச்சர், கொல்லர், தையற்காரர், சப்பாத்துத் தைப்போர் என உழைத்து வாழ்ந்த மக்கள் இவர்கள். வீட்டில் போர்த்துக்கேயக் கலப்பு மொழியொன்றைப் பேசினர்; வீதியில் நம்மோடு தமிழ் பேசினர். இவர்களின் திருமண வீடுகளில் வயலினும் கிதாரும் முழங்க ஆடப்படுவது கபிரிஞ்ஞா. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அடிமைகளாகக் கொணர்ந்த ஆபிரிக்கரைக் குறித்த ‘காப்பிரி’ என்னும் சொல் அப்பெயரில் இருக்கிறது. அடிமையின் தாளம், கடலோடியின் மெட்டு, இந்நாட்டுக் கைவினைஞனின் கை ஆகிய மூன்றும் சேர்ந்து பிறந்த ஆட்டம் அது. ஆகவே ‘தூய’ கபிரிஞ்ஞா என்று ஒன்று என்றுமே இருந்ததில்லை. இவர்களது வாய்மொழிப் பாடல்களை அமெரிக்க ஆய்வாளர் கெனத் டேவிட் ஜக்சன் ஆராய்ந்து 1990இல் நூலாக்கினார். அவற்றைக் கேட்க அவர் கடல் கடந்து வரவேண்டியிருந்தது. நாமோ அடுத்த வளவில் இருந்தோம்.

அந்தத் துள்ளல் தாளத்திலிருந்தே பைலா பெருகியது. 1940களில் பொலிஸ்காரரான வொலி பஸ்தியன் அதைச் சிங்களப் பாட்டாக்கிப் பரப்பினார். பின்னர் ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசை எழுந்தது. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ வீடுதோறும் ஒலித்தது. ஏ. ஈ. மனோகரன் பாடிய ‘சுராங்கனி’ பாக்கு நீரிணையையும் கடந்து, 1977இல் இளையராஜா இசையமைத்த ‘அவர் எனக்கே சொந்தம்’ என்னும் திரைப்படத்திற் புகுந்தது. இன்று தமிழர் வாழும் எந்த நாட்டில் திருமணம் நடப்பினும், இரவு ஏறிய பின் பைலா ஒலியாத மண்டபம் அரிது.

இதைப் பற்றிய அபிப்பிராயங்களும் கிறஞ் வழக்கைப் போலவே பிரிந்தன. பைலா குடிகாரர் கூத்து, பண்பாட்டுக்கு இழுக்கு என்றனர் பண்டிதர்கள். சிங்களத் தூய்மைவாதிகளுக்கோ அது கலப்பினத்தாரின் எச்சம். கபிரிஞ்ஞாவை அறிந்த மிகச் சிலர், அதுவே அசல், மின்வாத்தியப் பைலா வெறும் வணிகம் என்றனர். நம் முற்போக்காளர் சிலர் இரண்டு இன மக்களும் சேர்ந்து ஆடக்கூடிய ஒரே இசை இதுவென்று பாராட்டினர். இப்பாராட்டில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் இந்நால்வரில் எவரும் அந்தத் தச்சர் வீட்டுக் கதவைத் தட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நாம் தட்டினோமா? உண்மையை எழுதுவோம். பல ஆண்டுகளுக்கு முன் இப்பகுதிப் பாடசாலையொன்றின் கலைவிழாவுக்கு நிகழ்ச்சிகளைத் தெரிவு செய்யும் குழுவில் நாம் இருந்தோம். பாடசாலையின் பெயர் வேண்டியதில்லை, தவறு எம்முடையது. பறங்கிய மாணவனொருவன் தன் தந்தையின் வயலினோடு வந்து கபிரிஞ்ஞா வாசித்துக் காட்டினான். கைகள் நடுங்கியபோதும் தாளம் தப்பவில்லை. வடமோடிக் கூத்துக்கும் பரதத்துக்கும் வில்லுப்பாட்டுக்கும் இடம் ஒதுக்கிய நாம், இது செந்நெறிக் கலையுமன்று, தமிழர் நாட்டார் கலையுமன்று என்று காரணங் கூறி அவன் பெயரை வெட்டினோம். அவன் மறுத்தொன்றும் பேசவில்லை. வயலினைப் பெட்டியில் வைத்து மூடினான். விழாவன்று இறுதி நிகழ்ச்சியாக, வாடகைக்கு அமர்த்திய வாத்தியக் குழு மேடையேறிப் பைலா இசைத்தது. பிள்ளைகள் ஆடினர். நாமும் கைதட்டினோம். முன்வரிசையில் எவருக்கும் எதுவும் உறுத்தவில்லை. அந்தப் பையன் மண்டபத்தின் பின்புறத்தில் நின்றானா, வரவேயில்லையா என்பதைக் கவனிக்கவும் எமக்குத் தோன்றவில்லை.

அன்று நாம் செய்த பிழை யாது? தாழ்ந்த இசை என்று கபிரிஞ்ஞாவை விலக்கியிருந்தால், அது வெறும் இரசனைக் குறைபாடு. ஆனால் அதே தாளத்தை அதே மேடையில் விரும்பிக் கேட்டோமே. பாட்டை வேண்டினோம், பாட்டுக்குரியவனை வேண்டாமென்றோம். மனோகரனையோ பஸ்தியனையோ நாம் இங்கே குற்றஞ் சொல்லவில்லை. எடுத்துப் பாடுவது குற்றமன்று, எடுத்துப் பாடாத கலைஞன் உலகிலே இல்லை. பாட்டு எவரிடமிருந்து வந்ததோ அவரைக் கீழே நிறுத்திவிட்டுப் பாட்டை மட்டும் மேலே ஏற்றுவதுதான் எம்மைச் சுடுகிறது. நியாயமாகப் பார்த்தால் இக்கடன் பாடகரைவிடக் கேட்பவரையே அதிகம் சாரும். மேடையை யாருக்குக் கொடுப்பது, பாடநூலில் யாரை எழுதுவது என்பவற்றை முடிவு செய்பவர்கள் பாடகர்களல்லர். எம்மைப் போன்ற ஆசிரியர்கள்.

பெயரைச் சொன்னால் மட்டும் கடன் தீருமா என்று கேட்கலாம். தீராது. கோபேன் பெயர் சொன்னதனால் லெட்பெலியின் வறுமை நீங்கியதா? ஆயினும் பெயரையும் சொல்லாதவன் கடன் இருப்பதையே மறுக்கிறான். இவ்விரண்டுக்கும் இடையே வேறுபாடு உண்டு. இங்கே காலமும் குறுகிவிட்டது. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை டச்பார்ப் பகுதியின் பறங்கியக் குடும்பங்களைக் கொடிதாகத் தாக்கியது. அதற்கு முன்னும் பின்னும் அவுஸ்திரேலியா முதலிய நாடுகளுக்குப் பெயர்ந்தோர் பலர். எஞ்சிய வீடுகளிற் பிள்ளைகள் தமிழே பேசுகின்றனர். பாட்டியின் மொழி பாட்டியோடு நிற்கிறது.

மறுநாள் மாலை பாலத்தடியில் இக்கதையை அம்மாணவரிடம் கூறினோம். அசல், போலி பேசியவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. சந்தையைப் பற்றிப் பேசியவர்தாம் கேட்டார்:

“சேர், அந்தப் பையனை அதன் பிறகு கண்டு கதைத்தீர்களா?”

இல்லை என்றோம். அவன் பாடசாலையை விட்டு நீங்கி ஆண்டுகள் பல சென்றுவிட்டன. எங்கிருக்கிறான் என்பதை அறியோம். தந்தையின் தச்சுப் பட்டறை மட்டும் இன்னும் அதே வீதியில் இருக்கிறது. பாலத்திலிருந்து நடந்தால் கால் மணி நேரம் ஆகும்.