தண்ணீர் நிறுத்துதல்

காகிதப் பூவைப் பூக்க வைக்க ஒரு வழி, தண்ணீரை நிறுத்துவது. மொட்டைமாடியில் ஆறு வருஷமாக நான் வளர்க்கும் போகன்வில்லா, இந்தத் தை மாதம் வரை வெறும் தழையாகவே இருந்தது. நர்ஸரிக்காரர் வந்து பார்த்துவிட்டு, “ரொம்பச் செல்லம் குடுக்கறீங்க சார், வாட விடுங்க” என்றார். வாட விட்டேன். இலைகள் தொங்கின, கொஞ்சம் உதிர்ந்தன. ஒருநாள் தண்ணீர், மறுபடி காய்ச்சல். சில வாரங்களில் கிளை நுனியெல்லாம் கருஞ்சிவப்பு. வந்தவர்கள் எனக்குக் கைராசி என்றார்கள்.

இதில் ரகசியம் எதுவுமில்லை. தண்ணீரும் தழைச்சத்தும் தாராளமாகக் கிடைத்தால் இந்தக் கொடி இலையாக வளரும், நெருக்கினால் பூக்கும். 1767இல் பிரேஸிலில் கொமர்ஸோன் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் இதைச் சேகரித்தார். அவர் போன கடற்பயணத்தின் தலைவர் போகன்வில்லின் பெயர் இதற்கு வந்தது. நாம் பூ என்று சொல்வது பூவுமல்ல, நிறமேறிய செதில் இலைகள். பூ, நடுவில் இருக்கும் சின்ன வெளிறிய குழல். வறட்சி கண்ட செடி அவசரமாக விதைக்கப் பார்க்கிறது என்பது வழக்கமான விளக்கம். ஆனால் தோட்ட வகைகளில் பல, விதை பிடிப்பதே அரிது. கிளையை வெட்டி நட்டுத்தான் பெருக்குகிறோம். ஆக, இந்தப் பூப்பினால் பிரயோஜனம் பெரும்பாலும் என் கண்ணுக்குத்தான்.

செடி துன்பப்படுகிறது என்று நான் சொல்லவில்லை. செடிக்கு மனம் கற்பிப்பது மலிவான கவித்துவம். என்னை உறுத்தியது வேறு. சில வருஷங்களுக்கு முன் கவிஞரான ஒரு நண்பர் வேலை போன நிலையில் என்னிடம் பணம் கேட்டு வந்தார். பெரிய தொகையல்ல. என்னிடம் இருந்தது. நான் கொடுத்தது ஒரு வாக்கியம்: “இந்தக் கஷ்டமெல்லாம் உங்க எழுத்துக்கு உரம்.” நம் வட்டத்தில் இது எல்லோரும் சொல்வதுதான். சொல்பவர் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரராக இருப்பதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

புதுமைப்பித்தன் 1948இல் காசநோயில், 42 வயதில் இறந்தார். வறுமையோடு அவர் எழுதிய கதைகளை எண்ணிப் பெருமைப்படுகிறோம். அவர் எழுதாமல் போனவற்றை எண்ண வழியில்லாததால் அந்தக் கணக்கு எப்போதும் வறுமைக்குச் சாதகமாகவே முடிகிறது.

நர்ஸரிக்காரருக்கு நம்மைவிட விஷயம் தெரியும். புதிதாக வேர்பிடித்த பதியனுக்கு அவர் தண்ணீர் நிறுத்துவதில்லை. நிறுத்தினால் அது பூக்காது, சாகும். பல வருஷத் தண்ணீரில் வேரோடிய செடிதான் வறட்சியைத் தாங்கிப் பூக்கிறது. அந்தப் பழைய தண்ணீரை மறந்துவிட்டு, பூவை வறட்சியின் கணக்கில் எழுதுகிறோம். மேலும், நிறுத்துகிறவன் பக்கத்திலேயே இருந்து, தொங்கும் இலையைப் பார்த்து மறுபடி ஊற்றுகிறான். நான் வாக்கியத்தைச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

உபவாசம் வேறு, பட்டினி வேறு. தனக்குத் தானே ஒன்றை மறுத்துக்கொள்ளக் கலைஞனுக்கு உரிமை உண்டு. அவனுக்கு வேண்டியதை மறுத்துவிட்டு அதற்குக் கலையின் பெயரைச் சூட்ட எனக்கு உரிமையில்லை.

நண்பர் பிறகு எழுதினாரா என்று விசாரிக்கவில்லை. எழுதாமல் போயிருப்பார் என்பதல்ல பயம். நல்ல கவிதையாக ஒன்று எழுதியிருந்தால், நான் சொன்னது பலித்துவிட்டது என்று என் மனம் நிம்மதியடைந்துவிடும்.