அம்மா அடித்தது யாருக்காக?

முதுகலை உளவியலில் 'குழந்தைகளின் சமூக, ஆளுமை வளர்ச்சி' என்று ஒரு தாள். ஒரு நாள் ஆசிரியர் கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டார். 1960களில் டயானா பாம்ரிண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுத்த பெற்றோர் வகைகள். காரணம் சொல்லாமல் அடக்கி வளர்ப்பவர்கள் முதல் கட்டம். கண்டிப்போடு காரணமும் சொல்லி, பிள்ளை பேச்சையும் கேட்பவர்கள் இரண்டாவது, இதுதான் உத்தமம். போகிற போக்கில் விட்டுவிடுகிறவர்கள் மூன்றாவது. தேர்வில், 'உங்கள் சூழலிலிருந்து எடுத்துக்காட்டுத் தந்து விளக்குக' என்று கேட்டார்கள். நான் எங்கம்மாவை எழுதினேன், முதல் கட்டத்துக்கு. நல்ல மார்க் கிடைத்தது.

அந்த மார்க் இன்னும் உறுத்துகிறது.

எனக்கு எட்டு வயசு. அப்பா சந்தையில் ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுத்தார். காலனியிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஊர்த்தெரு வழியாகத்தான் போகணும். தெரு முனையில் கழற்றிக் கையில் எடுத்துக்கணும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். நான் கழற்றவில்லை. மறந்துட்டேன்னு அம்மாவிடம் சொன்னேன். மறக்கவில்லை.

சாயங்காலம் அம்மா களையெடுக்கப் போகும் நிலத்துக்காரர் காலனி முனையில் வந்து நின்றார். உள்ளே வரமாட்டார். அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அவர் மகன், என்னோடு மூணாம் வகுப்பு படிக்கிறவன். அம்மா புளியம் விளாறை ஒடித்துக்கொண்டு வந்தாள். அடிக்கும்போது என்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்துக்கொண்டே அடித்தாள். "சின்னப் பய சாமி, தெரியாமச் செஞ்சிட்டான், நீங்க போங்க சாமி." போதும் என்று அவருக்குத் தோன்றும்வரை அடி விழுந்தது. ராத்திரி தடிப்பில் எண்ணெய் தடவிவிட்டவளும் அவள்தான். ஒரு வார்த்தை பேசவில்லை.

பாடப்புத்தகத்துக் கட்டத்துக்குள் ரெண்டு பேர்தான், பெற்றவரும் பிள்ளையும். தெரு முனையில் நின்று அடியை எண்ணிக்கொண்டிருந்த மூன்றாவது ஆளுக்கு அங்கே இடமில்லை. பாம்ரிண்ட் பார்த்ததும் பெரும்பாலும் பெர்க்லியின் வெள்ளை நடுத்தர வர்க்கக் குழந்தைகளைத்தான். நூலகத்தில் தேடியபோது அவரே 1972இல் எழுதிய சிறிய ஆய்வு ஒன்று கிடைத்தது. கறுப்பினக் குடும்பங்களில் அதே கடுமையான வளர்ப்பில் வளர்ந்த பெண் குழந்தைகள் ஒடுங்கிப் போகவில்லை. தன்னம்பிக்கையோடு, தன் காலில் நிற்கிறவர்களாக இருந்தார்களாம். வாசலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து உள்ளே விழும் அடியின் அர்த்தமும் மாறுகிறது.

படித்ததும் அம்மாவை விடுதலை செய்துவிட்டதாகச் சந்தோஷப்பட்டேன். அது ரெண்டு நாள்கூட நிற்கவில்லை. ஏனென்றால் நான் ஒடுங்கித்தான் போனேன். இன்றைக்கும் கருத்தரங்கில் கேள்வி கேட்க எழும்போது முதுகு ஒரு தடவை சுருங்கும். அந்த ஆள் அடித்திருந்தால் அவனை வெறுத்துவிட்டு என்னைக் காப்பாற்றிக்கொண்டிருப்பேன். அடித்தது அம்மா. அதனால் நம்பிவிட்டேன், தப்பு என் மேல்தான் என்று. சாதி தன் கையை ஓங்க வேண்டியதில்லை. எங்கம்மா கையை வாங்கிக்கொள்கிறது. அந்த வேலைக்குக் கூலியும் கிடையாது.

இதை 'அடிமைப் புத்தி' என்று சொல்லும் தோழர்கள் உண்டு. நானே மேடையில் சொல்லியிருக்கிறேன். மறுநாள் அதே ஆளின் நிலத்தில் களையெடுக்கப் போகவேண்டாதவனுக்கு அது சுலபமான சொல்.

அந்தப் பையனை என்ன செய்வது? வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றானே, அவனும் அன்றைக்கு ஒரு பாடம் படித்தான். ஒரு தாய் தன் பிள்ளையைத் தனக்காக அடிப்பாள் என்று எட்டு வயசில் கற்றுக்கொள்கிற குழந்தையின் ஆளுமை வளர்ச்சி என்ன ஆகும்? 1940களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதியர் கறுப்பினக் குழந்தைகளிடம் பொம்மைகளைக் காட்டிக் கேட்டார்கள். பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மைதான் நல்லது என்றார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன 1954 தீர்ப்பின் அடிக்குறிப்பில் கிளார்க்கின் அறிக்கை இடம்பெற்றது. அதே வழக்கில் சமூக அறிவியலாளர்கள் கொடுத்த அறிக்கை, பிரிவினை வெள்ளைக் குழந்தைகளையும் கெடுக்கிறது என்றது. தீர்ப்போ கறுப்புக் குழந்தைகளின் தாழ்வுணர்ச்சியை மட்டும் பேசியது. எங்கள் வகுப்பிலும் அப்படித்தான். தாழ்வு மனப்பான்மைக்கு ரெண்டு வாரம். அடுத்தவன் குனிவதைப் பார்த்து வளர்கிற பிள்ளைக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. கேட்டேன். "பாடத்திட்டத்தில் இல்லை" என்றார் ஆசிரியர். மரியாதையாகத்தான் சொன்னார்.

விடுமுறைக்குப் போனபோது அம்மாவிடமே கேட்டுவிட்டேன், ஏம்மா அப்படி அடிச்சே என்று. முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் அடிக்கலன்னா அவன் அடிச்சிருப்பான். அவன் அடிச்சு நீ தாங்குவியா?"

கொஞ்ச நேரம் கழித்து, கல்லைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்: "செருப்பத் தூக்கிப் போட்டுட்டேன்னுதானே நெனச்சே? போடல. கூரையில சொருகி வச்சிருந்தேன். பெறகு எடுத்துப் பாத்தா ஒனக்குக் கால் பெருசாயிருச்சு."