இறங்கும்போது யார் பிடிப்பது?

பழைய என்ஜினைச் செயின் பிளாக்கில் தூக்கி வெளியே இறக்கிவைத்த அன்று சாயங்காலம், அண்ணன் வீட்டுக்குள் போய் ஆர்.சி. புக்கை எடுத்துக்கொண்டு வந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்த காகிதம். சேஸிஸ் எண் ஒன்று, என்ஜின் எண் ஒன்று, எரிபொருள் என்ற இடத்தில் பெட்ரோல். உதவிக்கு வந்திருந்த ஃபோர்மேன் (ஊரில் எல்லோருக்கும் அவர் ஃபோர்மேன்தான், எந்தக் கம்பெனியில் என்று யாரும் கேட்டதில்லை) அதை வாங்கிப் பார்த்தார். "நம்பரப் பத்தி யோசிக்காதீங்க தம்பி. இருக்கிறத கிரைண்டர் வச்சு எடுத்துட்டு, பழசையே புது பிளாக்குல பஞ்ச் பண்ணிரலாம். அரைமணி நேர வேலை" என்றார்.

நான் உடனே மறுத்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் நான் கேட்டது, "பார்த்தா தெரியுமா?" என்றுதான்.

ஜீப் பெரியப்பாவுடையது. 1983-இல் செகண்ட் ஹேண்டில் வாங்கிய மகிந்திரா சிஜே 3பி. எங்கள் ஊர் போடி. மேற்கே மலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதைத் தாண்டினால் இடுக்கி மாவட்டத்து ஏலக்காய்த் தோட்டங்கள். தேனிப் பக்கத்து ஊர்களில் இருந்து தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை விடிவதற்குள் ஏற்றிக்கொண்டு போய், இருட்டும் நேரத்தில் இறக்கிவிடும் ஜீப்புகள் இன்றும் ஓடுகின்றன. பெரியப்பாவும் அந்த டிரிப் ஓட்டியவர். அவர் தெருமுனை திரும்பும் சத்தம் கேட்டதும் பெரியம்மா உலை வைப்பார்.

அவர் போன பிறகு ஜீப் தார்ப்பாய்க்குள் கிடந்தது. அண்ணன் மலையில் சின்னதாக ஒரு தோட்டம் குத்தகைக்கு எடுத்தபோது மறுபடி அதன் ஞாபகம் வந்திருக்கிறது. பெட்ரோலில் லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர், கட்டுபடியாகாது. திண்டுக்கல் பக்கம் பின்னால் லாரி இடித்து நசுங்கிய பொலிரோ ஒன்றின் டர்போ டீசல் என்ஜின் விலைக்கு வந்தது. எனக்குப் போன் செய்தார். "நீதான் என்ஜினியரிங் படிச்சவன்ல? லீவு போட்டுட்டு வா." மெக்கானிக்கல் படித்துவிட்டு மென்பொருள் எழுதப் போன எத்தனையோ பேரில் நானும் ஒருவன். படித்தது கடைசியில் ஒருநாள் கேட்கப்படுகிறது என்ற சந்தோஷத்திலேயே பஸ் ஏறிவிட்டேன்.

இந்த மாதிரி வேலையைப் பற்றிப் பேச்சு எடுத்தால் இலக்கிய நண்பர்கள் உடனே தீசியஸின் கப்பலுக்குப் போய்விடுகிறார்கள். ஒவ்வொரு பலகையாக மாற்றினால் கடைசியில் அது அதே கப்பலா? நமக்கு இன்னும் பக்கத்தில் மிலிந்த பன்ஹா இருக்கிறது. தேரில் வந்திறங்கிய அரசனிடம் நாகசேனர் கேட்கிறார்: ஏர்க்கால்தான் தேரா? அச்சா? சக்கரமா? எதுவுமே இல்லை என்று அரசன் ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டு, இவை சேர்ந்திருப்பதற்கு வைத்த வெறும் பெயர்தான் தேர் என்ற இடத்துக்கு வருகிறான். நல்ல பதில். ஆர்.டி.ஓ. ஆபீஸில் செல்லாது. அங்கே தேர் என்பது சேஸிஸில் அடித்த எண்.

ஷெட்டில் நின்ற மூன்று வாரமும் 'இது அதே ஜீப்தானா' என்ற கேள்வி என்னைத் தொந்தரவு செய்யவே இல்லை. காரணம், அந்த ஜீப்பின் பிறப்பே ஓர் என்ஜின் மாற்றம். அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனி, போர்க்கால ஜீப்பின் என்ஜினுக்குப் பதிலாக ஹரிக்கேன் என்ற புது என்ஜினை வைக்கப் பார்த்தது. அதே 2.2 லிட்டர்தான், ஆனால் உள்ளிழுக்கும் வால்வுகள் ஹெட்டுக்கு மேலே ஏறியதால் உயரம் கூடிவிட்டது. பழைய பானெட் மூடவில்லை. பானெட்டையே தூக்கினார்கள். 1953-இல் சிஜே 3பி வந்தது இப்படித்தான். நம் ஊர்களில் எல்லோருக்கும் பழக்கமான அந்த உயர்ந்த மூக்கு, உள்ளே பொருந்தாத ஒன்றைப் பொருத்தியதன் தழும்பு.

நாங்கள் உள்ளே வைத்த என்ஜினுக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. சிலிண்டர் விட்டம் 88.9 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 101.6. ஏன் இந்த விநோதமான தசமங்கள் என்று இன்ச்சுக்கு மாற்றிப் பார்த்தேன்: மூன்றரை, நான்கு. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் டிராக்டர் வம்சம். மகிந்திரா அந்தக் கம்பெனியோடு சேர்ந்து 1963-இல் டிராக்டர் தொழிலுக்கு வந்தபோது உடன் வந்த ரத்தம். உழவுக்குப் பிறந்து, ஜீப்புக்கு வந்து, டர்போ மாட்டிக்கொண்டு பொலிரோவுக்குப் போய், இப்போது எங்கள் கொல்லைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இந்த வம்சத்து டீசலை மகிந்திராவே முன்பு ஜீப்பில் வைத்து விற்றதால் பெல் ஹவுசிங் பழைய மார்க்கெட்டில் கிடைத்தது. எங்கள் வேலையில் பாதி அதனால் குறைந்தது.

மீதிப் பாதி குறையவில்லை. ஆயில் சம்ப் முன் ஆக்சிலில் இடித்தது. மவுண்டை அறுத்து உயர்த்தி வெல்டு வைத்தோம். கனம் தாங்காமல் முன்பக்கம் உட்கார்ந்தது. லீஃப் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை சேர்த்தோம். டீசல் பம்ப், தேவைக்கு மேல் இழுத்ததைத் திருப்பி அனுப்பும். பழைய டேங்கில் திரும்பி வரும் வழியே கிடையாது. முதல்முறை ஸ்டார்ட் ஆனபோது மூன்று பேரும் கத்தினோம். பிறகு அண்ணன் சாவியைத் திருப்பி, கையிலேயே எடுத்துவிட்டார். என்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பெட்ரோலில் தீப்பொறியை நிறுத்தினால் போதும். டீசலில் தீப்பொறியே கிடையாது, எண்ணெயைத்தான் நிறுத்த வேண்டும், அந்த இணைப்பை நாங்கள் கொடுத்திருக்கவில்லை. ஃபோர்மேன் சாவகாசமாக எழுந்து வந்து பம்பின் ஸ்டாப் லீவரை ஸ்குரூ டிரைவரால் தள்ளினார். "சாவி கையில இருந்தா வண்டி நம்ம கையில இருக்குன்னு நெனப்பு" என்றார். நான் வேலை பார்க்கும் இடத்தில் ஒட்டிவைக்கலாம் இதை.

ராத்திரிகளில் கணக்குப் போட்டேன். பழைய என்ஜினின் டார்க் ஏறக்குறைய 155 நியூட்டன் மீட்டர், புதியது 180. வித்தியாசம் 25. சின்ன எண். ஆனால் அந்த ஜீப்பில், நான்கு சக்கரமும் இழுக்கும் லோ ரேஞ்சில், முதல் கியரில், கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஆக்சிலும் சேர்ந்து 37 மடங்கு பெருக்குகின்றன. சக்கரத்துக்குப் போகும்போது அந்த 25, 900-ஐத் தாண்டிவிடுகிறது. அந்தக் கூடுதலை யார் வாங்கிக்கொள்வது? வாங்கிக்கொள்ளும் ஷாஃப்டையும் பல்லையும் வேறொரு எண்ணை மனதில் வைத்து வேறு யாரோ செய்தார்கள். அவர்களை நான் எதுவும் கேட்கவில்லை.

அப்போதுகூட எனக்கு ஏற்றம் மட்டும்தான் கண்ணில் பட்டது.

ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு மெட்டுக்கு ஏற்றினோம். சட்டப்படி அந்த நிலையில் அந்த வண்டி ரோட்டில் இருக்கவே கூடாது, தெரிந்துதான் ஏற்றினோம். பெரியப்பா காலத்தில் இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு போன இடங்களை மூன்றாவதில் அலட்சியமாகத் தாண்டியது. டர்போவின் விசில் சத்தம் பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. அண்ணன் ஸ்டீயரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பின்னால் ஒரு பைக்காரர் எங்கள் புகைக்குள் தொலைந்து, கடைசியில் ஓரமாக நின்றுவிட்டார். அவரைக் கண்ணாடியில் பார்த்தேன். அண்ணனிடம் சொல்லவில்லை.

இறங்கும்போதுதான் தெரிந்தது. பெட்ரோல் என்ஜினில் ஆக்சிலரேட்டரை விட்டால் காற்று வழி அடைபடும். என்ஜின் மூச்சுக்குத் திணறும், அந்தத் திணறல் வண்டியைப் பிடிக்கும். இந்த டீசலில் காற்று வழியை அடைக்க எதுவுமே இல்லை. அழுத்திய காற்று ஸ்பிரிங் மாதிரி பிஸ்டனைத் திருப்பித் தள்ளிவிடும், பிடிப்பு குறைவு. லாரிகளில் எக்ஸாஸ்ட் பிரேக் என்று தனியாக வைப்பது அதனால்தான். எங்களிடம் இருந்தது, எந்த பூஸ்டரும் இல்லாத அதே பழைய 9 இன்ச் டிரம். நாலு சக்கரத்துக்கும் ஒரே லைன். பாதி வளைவுகள் இறங்குவதற்குள் லைனிங் தீயும் வாடை வந்தது. அடுத்த வளைவுக்கு முன்னால் பெடல் இளகிக் கீழே போனது. அண்ணன் முதல் கியருக்கு மாற்றி, மலைப்பக்கம் ஒடித்து, மண்மேட்டில் உரசி நிறுத்தினார். ஃபோர்மேன் குதித்து இறங்கிக் கல் வைத்தார்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அண்ணன் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்து, "அப்பா இதுல பதினாலு பேர ஏத்துவாரு" என்றார்.

பொறுப்பு எங்கே இருக்கிறது என்று அதற்கு முன் யாராவது கேட்டிருந்தால், புது வெல்டில், புது மவுண்டில், நாங்கள் கைவைத்த இடங்களில் என்று சொல்லியிருப்பேன். அங்கெல்லாம் ஒரு குறையும் இல்லை. நாங்கள் தொடவே தொடாத ஒன்றுதான் உடைந்தது. பிரேக் நேற்று வரை சரியாகத்தான் இருந்தது. பழைய என்ஜினின் பலவீனத்துக்கும் அந்த டிரம்முக்கும் இடையில், யாரோ ஒரு மேஜையில் உட்கார்ந்து போட்ட ஒப்பந்தம் இருந்திருக்கிறது. இவ்வளவுதான் ஏறும், அதனால் இவ்வளவுதான் இறங்கும் என்பது மாதிரி. ஒரு தரப்பை நாங்கள் மாற்றிவிட்டோம், ஒப்பந்தத்தைப் படிக்காமல். வில்லிஸ்காரர்களும் என்ஜினை மாற்றினார்கள்தான். பானெட்டை உயர்த்தி, அதன்மேல் தங்கள் பெயரையும் போட்டு விற்றார்கள். தப்பு நடந்தால் போய்க் கேட்க ஒரு வாசல் இருந்தது.

அந்த மண்மேட்டில் நின்றபோதுதான் நம்பர் விஷயம் எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. அதுவரை அதை ஆபீஸ் சம்பிரதாயம் என்றுதான் நினைத்திருந்தேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததில் இருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொன்னது. ஆசையாக வண்டியைக் கிண்டுபவர்களுக்கு இது எரிச்சல், எனக்கும்தான். சட்டம் சைலன்சர் வாங்கி மாட்டும் பையனையும் பிரேக்கைக் கவனிக்காத என்னையும் ஒரே தராசில் வைக்கிறது என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் பழைய நம்பரைப் புது பிளாக்கில் அடிப்பது வேறு சங்கதி. இந்த வண்டியை நாங்கள் மூன்று பேரும் செய்தோம். செய்தது ஒரு கம்பெனி என்று அந்த எண் சொல்லும். நாளைக்கு ஒரு வளைவில் ஏதாவது ஆனால், ஏறியவர்கள் யாரை நம்பி ஏறினார்கள் என்பதையே அது அழித்துவிடும்.

அண்ணனிடம் இதை இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. "நம்பர் அடிக்க வேண்டாம்ணே, ஆளும் ஏத்த வேண்டாம்" என்றேன். அவருக்குக் கோபம். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. "இதவிட மோசமான வண்டில அவங்க தெனம் போறாங்க. அதுல சீட்டுக்குக் கீழ ஓட்டை. நீ பெங்களூர்ல உக்காந்துக்கிட்டு நியாயம் பேசுவ. இத ஓட்டக்கூடாதுன்னா அவங்க அதுலதான் ஏறணும்." பதில் தெரியவில்லை. இன்றும் முழுதாகத் தெரியவில்லை. மோசமான வண்டிகள் ஓடுவது, கொஞ்சம் குறைவாக மோசமான வண்டி செய்ய எனக்கு அனுமதி தருகிறதா? அவர்களுடைய வேறுவழியின்மையை என் கணக்கில் நான் எப்படி வரவு வைப்பது? இப்படி எழுதும்போது கேள்வி எனக்குச் சாதகமாக வளைகிறது. காலை நாலு மணிக்குக் குளிரில் வண்டிக்கு நிற்பவர் இதே கேள்வியை எப்படிக் கேட்பார் என்று எனக்குத் தெரியாது.

என் தொழிலில் இந்தச் சிக்கல் வராதபடி பார்த்துக்கொண்டிருக்கிறோம். நான் எழுதி வெளியிடும் நிரல்களின் உரிமப் பத்தியில் பெரிய எழுத்தில் ஒரு வாசகம் இருக்கும்: இது இருக்கிறபடி தரப்படுகிறது, எந்த உத்தரவாதமும் இல்லை. பத்து வருஷமாக அதை ஒட்டிக்கொண்டே வருகிறேன், ஒரு தடவைகூட நிறுத்திப் படித்ததில்லை. சரியில்லை என்றால் முந்தைய பதிப்புக்குத் திரும்பலாம். ஷெட்டில் அறுத்த மவுண்ட் அறுத்ததுதான்.

பழைய ஹரிக்கேன் ஷெட்டின் மூலையில் பலகைமேல் இருக்கிறது. துரு ஏறாமல் இருக்க ஃபோர்மேன் சிலிண்டர்களில் ஆயில் ஊற்றி, ஓட்டைகளில் துணி அடைத்துவைத்தார். புது என்ஜினில் அதன் சொந்த நம்பர்தான் இருக்கிறது. ஜீப்பை லாரியில் ஏற்றித் தோட்டத்துக்குக் கொண்டுபோய் உள்ளேயே மூட்டை இழுக்க வைத்துக்கொள்வது என்று அரைமனதாக முடிவு. லாரி வாடகையைக் கேட்டுவிட்டு அண்ணன் இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை.

போன வாரம் போன். கம்பத்தில் ஒருத்தரிடம் 11 இன்ச் டிரம்மோடு பின்னாளைய ஜீப் ஆக்சில் செட் இருக்கிறதாம், இரண்டு லைன் மாஸ்டர் சிலிண்டரும் கிடைக்குமாம். "ரோட்டுக்கு இல்லடா. தோட்டத்துக்குள்ளயும் எறக்கம் இருக்குல்ல" என்றார். பிறகு, "வந்து மாட்டிக் குடு. எறக்கத்துல நீ ஓட்டு. நான் பின்னாடி உக்காந்துக்கிறேன்."

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன்.